மறதிக்கு இடம் தராத பேட்டரி

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் இல்லாத வீட்டிலும் கார் பேட்டரி இருந்தது. லயங்கள் பலவற்றில் மின்சாரம் கிடையாது. இருந்த இடத்திலும் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடுகிற சில மணி நேரம்தான் வெளிச்சம். மலேசியாவில் 1963 டிசம்பர் 28-ல் தொலைக்காட்சி வந்தது. பிறகு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்க வசதி வந்த குடும்பங்கள் கூடவே ஒரு 12 வோல்ட் பேட்டரியையும் வாங்கின. தமிழ்ப்படம் போடும் நாளுக்கு முன்னதாகவே அதைச் சைக்கிள் கேரியரில் வைத்து, பழைய ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, பட்டணத்துக் கடையில் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டு வர வேண்டும். சார்ஜ் இறங்க இறங்கத் திரையில் படம் நான்கு பக்கமும் சுருங்கும். பேட்டரியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வீட்டுப் பிள்ளைகள்கூடப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

குனோங் ராபாட், ஈப்போவிலிருந்து கோப்பேங் போகும் சாலையை ஒட்டி, சுண்ணாம்புக்கல் மலைகளின் அடியில் இருக்கும் ஊர். சாம் போ தோங் குகைக் கோயிலையும் ஹியோங் பியா பிஸ்கட்டையும் தேடி வருகிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். எனக்கு இது பட்டறைகளின் ஊர். அப்பா பேட்டரி சார்ஜ் போடும் கடையில் வேலை பார்த்தவர். அவர் தூக்கிய பேட்டரிகளில் சில, இடுப்பைப் பிடித்துக்கொள்ள வைக்கும் எடை. இன்று அதே சுற்றுவட்டாரத்தில் ஆசைக்காகக் கார் கூட்டிக் கட்டுகிற இளைஞர்கள் தேடும் பேட்டரியை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

பேட்டரி சின்னதாகிவிட்டது, மூடியையும் ஒட்டிவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய பேட்டரியில் நம் மறதிக்கும் சேர்த்து இடம் இருந்தது. சின்னதாக்கும்போது முதலில் வெட்டப்பட்டது அந்த இடம்தான்.

கைபட்ட காலம்

அப்பா காலத்துக் கடையில் பேட்டரிகள் ஒரு நீளப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸோடு சேர்த்து, மொத்த வரிசைக்கும் ஒரே சார்ஜர். மூடிகள் எல்லாம் திறந்திருக்கும். உள்ளே நீர் நுரைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் புளிப்பு வாடை சட்டையில் ஏறினால் போகாது. அமிலத்துளி பட்ட இடமோ நாலு சலவையில் ஓட்டையாகும்.

அவர் கையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். மேலே ரப்பர்க் குமிழ், உள்ளே மிதக்கும் சின்ன அளவுகோல். அதுதான் ஹைட்ரோமீட்டர். குமிழை அழுத்தி, குழாயின் நுனியைப் பேட்டரியின் ஒரு கண்ணுக்குள், அதாவது செல்லுக்குள், விட்டு, மெல்ல விட்டால் அமிலம் மேலேறும். அளவுகோல் மிதக்கும் உயரம் அமிலத்தின் அடர்த்தியைச் சொல்லும். ஆறு கண்ணிலும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஐந்து ஒரே அளவில் நின்று ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தக் கண் கெட்டுவிட்டது. இன்றைக்கு எந்த மீட்டரும் அவ்வளவு தெளிவாகக் குற்றவாளியைக் காட்டுவதில்லை.

அந்த அளவில் ஒரு நுட்பம் இருந்தது. குளிர்நாடுகளில் முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.260 முதல் 1.280 வரை இருக்கும். வெப்பநாடுகளில் அதைக் குறைத்து, 1.240 அளவில் ஊற்றுவது வழக்கம். சூட்டில் ரசாயன வேலை தானாகவே வேகமாக நடக்கும். அமிலமும் அடர்த்தியாக இருந்தால் தகடு சீக்கிரம் அரித்துப்போகும். பேட்டரி எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும், அதை ஈப்போ வெயிலுக்கு ஏற்றபடி பழக்குகிற வேலை உள்ளூர்க் கையில் இருந்தது.

தண்ணீரிலும் அப்படித்தான். மலையடிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு உண்டு; அதை ஊற்றினால் பேட்டரி கெடும். கடையில் பாட்டிலில் விற்கும் பேட்டரி தண்ணீரை மட்டும், தகடு முங்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும். அமிலத்தை ஒருநாளும் மேலே ஊற்றக் கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்.

அந்தப் பேட்டரியின் பெட்டியே ரப்பர். பால்மரத்துப் பாலில் கந்தகத்தை மிக அதிகமாகச் சேர்த்து வேகவைத்தால் அது வளையும் குணத்தை இழந்து கல்லாக இறுகிவிடும். 1851-ல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்ற எபோனைட் இதுதான். அமிலம் அதை அரிக்காது, மின்சாரம் அதில் பாயாது. அதனால் பல பத்தாண்டுகளுக்குப் பேட்டரிப் பெட்டி என்றால் எபோனைட் பெட்டிதான். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்கள், சாயங்காலம் சைக்கிளில் தங்கள் பாலையே கட்டிக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் மிகையில்லை. மேலே தார் ஊற்றி மூடியிருப்பார்கள். தாரைச் சூடு காட்டி இளக்கி, கெட்ட கண்ணின் தகடுகளை வெளியே எடுத்து, புதிதாகப் போட்டு, திரும்பவும் தார் ஊற்றி மூடலாம். பேட்டரி பழுது பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது.

காரும் பொறுத்துப்போனது. அந்நாளில் ஆசிரியர்களும் கிராணிகளும் ஓட்டிய மோரிஸ் மைனரில் பேட்டரி செத்தாலும் ஊர் போய்ச் சேரலாம். முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நாலு பேர் தள்ளினால் போதும். டைனமோ மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது என்பதால், இரவில் விளக்கு போட்டுக்கொண்டு பட்டணத்துக்குள் ஊர்ந்தால் பேட்டரி குறைந்துகொண்டே வரும். ஓட்டுகிறவருக்கு அது தெரியும். டேஷ்போர்டில் ஒரு கண் வைத்திருப்பார்.

பெட்டிக்குள் நடந்த மாற்றம்

முதலில் பெட்டி போனது. எபோனைட்டின் இடத்தில் பாலிப்ரோப்பிலின் பிளாஸ்டிக் வந்தது. எடை குறைந்தது, மூடியை உருக்கி ஒட்ட முடிந்தது, பழுது பார்க்கும் வழி அடைபட்டது.

அடுத்தது தகடு. காரீயம் மென்மையான உலோகம். அதற்கு விறைப்பு தர முன்பு ஆன்டிமனி சேர்த்தார்கள். அதுதான் தண்ணீரை வாயுவாக்கி வெளியேற்றியது. 1970-களில் அதற்குப் பதில் கால்சியத்தைச் சேர்த்தபோது தண்ணீர் குறைவது வெகுவாக அடங்கியது. 'பராமரிப்பு வேண்டாத பேட்டரி' கடைக்கு வந்தது. கால்சியத்தோடு கூட, பிளஸ் தகட்டின் சட்டத்தில் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்க்கிறார்கள். அது அரிப்பைக் குறைக்கிறது. வெறுமையான பேட்டரி மறுபடி சார்ஜ் ஏற்கவும் உதவுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் 1985-ன் விலைச் சரிவோடு வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில், பேட்டரிக்குள் வெள்ளீயத்துக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

சின்ன பேட்டரிக்குக் கதவைத் திறந்தது ஏ.ஜி.எம். முறை. மெல்லிய கண்ணாடி இழையால் ஆன மெத்தையைத் தகடுகளுக்கு நடுவில் இறுக்கி வைத்து, அமிலம் முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ளும்படி செய்கிறார்கள். ததும்ப நீர் இல்லை. சார்ஜ் ஆகும்போது பிளஸ் தகட்டில் பிறக்கும் ஆக்சிஜன் மெத்தை வழியாக மைனஸ் தகட்டுக்குப் போய்த் திரும்பவும் தண்ணீராகிவிடும். பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் ஒழுகாது, குலுங்கினாலும் தகடு உதிராது. இதற்கு 1970-களின் தொடக்கத்தில் வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் கேட்ஸ் ரப்பர் நிறுவனம். பெட்டியை விட்டு ரப்பர் வெளியேறிய காலத்தில், அடுத்த தலைமுறைப் பேட்டரி ஒரு ரப்பர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்திருக்கிறது.

கடைசியாக வந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களின் பிற்பாதியில் விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து இரும்பு சல்பேட் போன்ற சேர்மங்களை மின்முனையாக ஆராய்ந்தார். அந்த வழியில் போனதுதான் 1997-ல் குட்எனஃப் குழு வெளியிட்ட இரும்பு பாஸ்பேட். 2019-ல் குட்எனஃப் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். இரண்டு மூன்று கிலோவில் கார் இன்ஜினைச் சுற்றும் பேட்டரி இன்று கிடைக்கிறது என்றால் அது அந்த வேரிலிருந்து வந்தது.

குளிர்நாட்டு எண்களும் ஈப்போ வெயிலும்

கிட் கார் என்பது பாகங்களாக வாங்கி நாமே கூட்டிக் கட்டும் கார். இந்த வகையில் புகழ்பெற்றது 1957-ல் காலின் சாப்மேன் விற்ற லோட்டஸ் செவன். முழுக் காருக்கு விதித்த வரி பாகங்களுக்கு இல்லை என்பதால் இங்கிலாந்தில் அது பெட்டி பெட்டியாக விற்றது. 1973-ல் அந்த உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. மலேசியாவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1996-ல் லோட்டஸை வாங்கியது புரோட்டான். 2011-ல் கேட்டர்ஹாமை வாங்கியவர் டோனி ஃபெர்னாண்டஸ். பழைய எம்.ஜி. சாயலில் இங்கே கட்டிய டி.டி. 2000-மும், கெப்போங்கில் கையால் கட்டும் புஃபோரியும் இதற்குப் பக்கத்து உறவு. கூட்டிக் கட்டிய காரைச் சாலையில் இறக்கச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும் என்பதால் இங்கே இவை குறைவு. இருக்கிறவர்கள் அதைப் பிள்ளைபோல் வைத்திருக்கிறார்கள்.

செவன் வகைக் காரின் எடை சுமார் 500 கிலோ. அதில் 11, 12 கிலோ கனக்கும் 45 ஆம்பியர்-மணி சாதாரணப் பேட்டரியை வைக்க மனம் வராது; பல நேரம் இடமும் இராது. அதனால் ஏழு கிலோவும் 16 ஆம்பியர்-மணியும் கொண்ட ஒடிஸி பி.சி.680 போன்ற ஏ.ஜி.எம். பேட்டரிகளை உலகெங்கும் இந்தக் கூட்டம் தேடுகிறது.

தேர்வு செய்யும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது குளிர் கிளப்பும் ஆம்பியர், பெட்டியில் சி.சி.ஏ. என்று அச்சிட்டிருக்கும் எண். அது மைனஸ் 18 டிகிரியில், 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம். ஈப்போவில் பகல் வெயில் 33 டிகிரியைத் தொடும். இங்கே இன்ஜின் எண்ணெய் கெட்டியாவதில்லை. பேட்டரியும் சூட்டில் தாராளமாகவே கொடுக்கும். 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினைக் கிளப்ப அந்த ஏழு கிலோ தாராளம். சி.சி.ஏ. எண்ணுக்காக இங்கே அதிகக் காசு கொடுப்பவர், இல்லாத பனிக்குக் காசு கொடுக்கிறார்.

நம் எதிரி சூடு. காரீயப் பேட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அப்பா அமிலத்தின் அடர்த்தியைக் குறைத்து இதைச் சமாளித்தார். ஒட்டிய மூடிக்குள் அந்த வழி இல்லை. ஆகவே இன்று நம் கையில் மிஞ்சியிருப்பது பேட்டரியை எங்கே வைக்கிறோம் என்ற ஒன்றுதான். சிலர் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில், இடம் இருக்கிறது என்பதற்காகவே, பேட்டரியை வைத்துவிடுகிறார்கள். அரை மீட்டர் கூடுதல் கேபிள் போட்டு, நடுவில் ஓர் அலுமினியத் தடுப்பு வைத்தால் பேட்டரிக்கு ஆண்டுகள் கூடும். கேபிள் நீளும்போது தடிமனும் கூட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்ட் வழியிலேயே போய்விடும்.

ஆர்டர் போடும் முன் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளக்க வேண்டும். உயரத்தை டெர்மினலோடு சேர்த்து அளக்க வேண்டும். மலேசியச் சாலையில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் ஜப்பானிய அளவு மெல்லிய டெர்மினல், ஐரோப்பிய கிட் கேபிளில் தடித்தது, சின்ன ஏ.ஜி.எம். பேட்டரிகள் பலவற்றில் வெறும் போல்ட். பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். அலுமினிய உடம்புள்ள காரில் பிளஸ்ஸுக்கு ரப்பர் உறை கட்டாயம். பேட்டரியை இரும்புப் பட்டையால் இறுக்க வேண்டும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் ஆடுகிற பேட்டரி ஆபத்து.

லித்தியம் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். சில பெட்டிகளில் '18 ஆம்பியர்-மணிக்குச் சமம்' என்பதுபோல் போட்டிருக்கும். இன்ஜினைக் கிளப்பும் பலத்தில் அது காரீயத்துக்குச் சமமாக இருக்கலாம், கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆல்டர்னேட்டர் 14.6 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. பழைய ரெகுலேட்டர் உள்ள காரில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் லித்தியத்தை மாட்டக் கூடாது.

நிற்கிற காரின் பசி

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"அண்ணே, மூணு வாரம் காடி எடுக்கல. சாவி போட்டா 'டிக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"உள்ள அலாரம் இருக்கா தம்பி?"

"இருக்கு."

"அதுதான் குடிச்சிருக்கு. பேட்டரி மேல குத்தமில்ல."

கணக்கு போட்டுப் பார்ப்போம். அலாரமும் கம்ப்யூட்டரும் சேர்ந்து வெறும் 30 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி பாதியாக ஒரு மாதம் ஆகும். 16 ஆம்பியர்-மணிப் பேட்டரி 11 நாளில் பாதி. மூன்று வாரத்தில் கிட்டத்தட்டக் காலி. லித்தியம் என்றால் இன்னும் சீக்கிரம். நான் சொன்ன மறதிக்கான இடம் இதுதான். அது எடையோடு சேர்ந்து போய்விட்டது.

காலியான காரீயப் பேட்டரி அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிகம் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. கைப்பிடியும் இன்று கிடையாது. தள்ளினாலும் பயனில்லை. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் முதலில் வோல்ட் வேண்டும். அடியோடு செத்த பேட்டரியோடு நாலு பேர் தள்ளினால் நாலு பேருக்கும் வியர்க்கும்.

ஆகவே முதல் பராமரிப்பு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். பந்தயக் காரில் இருப்பதுபோல் பேட்டரியைக் காரிலிருந்து முழுவதுமாகத் துண்டிக்கும் சுவிட்ச். விலை பேட்டரியை ஒப்பிட்டால் சொற்பம். காரை நிறுத்தும்போது அதைத் திருப்பிவிட்டால் 11 நாள் என்பது பல மாதமாகிவிடும்.

இரண்டாவது, ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர். ஓடி முடித்து இரவு முழுக்க ஆறிய பின் காலையில் வைத்துப் பார்த்தால் ஏ.ஜி.எம். பேட்டரி 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் அன்றைக்கே. லித்தியத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. முக்கால் நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் 13.2-ஐ ஒட்டியே நிற்கும். திடீரென்று கீழே விழும். அப்பாவின் ஹைட்ரோமீட்டரிலிருந்து மீட்டருக்கு வந்த பழக்கம் அங்கே நின்றுவிடுகிறது. லித்தியத்துக்கு நாள்காட்டிதான் மீட்டர்: கடைசியாக எப்போது ஓட்டினோம் என்று குறித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, அதற்கென்று உள்ள சார்ஜர். ஏ.ஜி.எம். என்றும் லித்தியம் என்றும் தனித்தனி நிலை உள்ள தானியங்கி சார்ஜர் வேண்டும். சல்பேட்டைக் கரைக்க வோல்ட்டை ஏற்றும் பழைய சார்ஜரை லித்தியத்தில் மாட்டினால் பேட்டரி பாழாகும்.

நான்காவது, துணி. சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல் உடைக்கும் குவாரிகளின் தூசு இந்த வட்டாரத்துக்குப் பழக்கம். பிற்பகல் மழையில் கூரையில்லாத காரின் பேட்டரி மேல் அது சேறாகப் படியும். ஈரச்சேறு இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் கசிவுப் பாதை போடும். சின்ன பேட்டரிக்கு அந்தக் கசிவும் ஒரு செலவு. மாதம் ஒரு முறை துடைத்து, டெர்மினலை இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். மோரிஸ் மைனர் காலத்திலிருந்து இந்த ஒரு விதி மட்டும் மாறவே இல்லை.

பழையது போகும் இடம்

அந்நாளை முழுவதும் புகழ்ந்துவிடவும் மனமில்லை. கெட்ட பேட்டரியைக் கொல்லையில் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, காரீயத்தைத் தகரத்தில் உருக்கி விற்றவர்கள் இருந்தார்கள். அந்தப் புகையைப் பிள்ளைகளும் சுவாசித்தார்கள். காரீயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். இன்று பழைய காரீயப் பேட்டரி மலேசியாவில் 2005-ன் விதிகளின்படி எஸ்.டபிள்யூ.102 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. உரிமம் உள்ள இடத்தில்தான் அதை உடைக்கலாம். இந்த ஒரு மாற்றத்துக்காக அன்றைய கைத்திறன் சிலவற்றை இழந்தது சரிதான் என்று நினைக்கிறேன்.

கூட்டிக் கட்டிய காருக்கு எதை வாங்குவது என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றே. பந்தயத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்றால் லித்தியம் வாங்குங்கள். அதன் விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி இறங்குகிற காருக்கு ஏ.ஜி.எம். போதும். எடையில் நாலு கிலோ கூடும். அந்த நாலு கிலோவுக்கு நம் வெயிலும் பழைய ஆல்டர்னேட்டரும் ஒத்துப்போகும், மல்ட்டிமீட்டர் உண்மை சொல்லும். ஆயுள் முடிந்தால் பேட்டரிக் கடைக்காரர் பழையதற்குக் காசு கழித்துக்கொண்டு புதியதைத் தருவார். உள்ளே இருக்கும் காரீயம் உருகி இன்னொரு பேட்டரியாகும். லித்தியத்துக்கு அந்தச் சுற்று நம் ஊர்க் கடைகளில் இன்னும் அவ்வளவு இயல்பாகவில்லை. அது இயல்பாகும் வரை என் ஓட்டு காரீயத்துக்குத்தான்.